உணர்ச்சிப் பெருக்கும் பின்வரும் பயனும்

உயிர்கள் இன்பத்தை விழைவது இயல்பு. அவ்வின்பம் இருதிறப்படும். இக்கணமே கைக்கெட்டுவது ஒன்று. காத்திருந்து பெறுவது மற்றொன்று. பின்னது பெரிதென்று நன்கறிந்தவனும், சினமோ துயரோ ஆசையோ மேலிட்ட பொழுதில் முன்னதையே பற்றுகின்றான். அறிந்தும் தவறுதற்குக் காரணம் யாது? உணர்ச்சியை முற்றும் ஒழித்தலே அதற்குத் தீர்வாகுமோ? இவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வாம்.

ஆணவத்தான் மறைப்புண்ட உயிர்க்குக் கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் முறையே செயலையும் அறிவையும் இச்சையையும் ஒருசிறிது விளக்குவன என்பது சித்தாந்தம். அந்தக்கரணங்களுள் மனம் பற்றும். அகங்காரம் யான் என எழும். புத்தி இன்னதெனத் துணியும். உணர்ச்சி மிக்கெழுங்கால் அகங்காரம் முந்துதலின், புத்தி தன் துணிபிற்கு வேண்டும் அமைதியை இழக்கின்றது. கலங்கிய குளத்தில் அடியிற் கிடக்கும் பொருள் தோன்றாமை போலப் பின்வரும் பயனும் தோன்றாதொழிகின்றது. மறைந்தது காட்சியே, பயனன்று.

இதற்குச் சூதாட்டத்தினும் தெளிவான சான்று வேண்டா. தோற்றவன் வருந்துகின்றான், அவ்வருத்தமே இழந்ததை இப்பொழுதே மீட்குமாறு அவனைத் தூண்டுகின்றது. மனைவி மக்களின் நாளை வாழ்வு அவன் கண்ணுக்குப் புலனாவதில்லை. தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டை நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை தடுத்தன. அவை செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் இயற்றப்பட்ட நடுவண் சட்டமோ அவ்விளையாட்டை முழுதும் விலக்கிற்று. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தின் கலக்கத்தைத் தீர்த்தல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

இனி, எல்லா உணர்ச்சியும் கலக்குவனவே எனக் கொள்ளற்க. மேனாட்டு உளநூலார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துயருற்றோர் பின்வரும் பெரும்பொருளைக் கைவிட்டு உடன்வரும் சிறுபொருளை விழைந்தனர். 2014-இல் வெளிவந்த மற்றோராராய்ச்சியில், மூன்று திங்கள் கழித்து வரும் 85 டாலரை விடுதற்கு ஏனையோர் உடனே 55 டாலர் பெற இசைந்தனர்; நன்றியுணர்வு நிறைந்தோர் 63 டாலர் வேண்டினர். வெறும் மகிழ்ச்சி இப்பொறுமையைத் தரவில்லை, நன்றியே தந்தது. பொருள் பற்றிய இச்சோதனை திருவருளை அளக்கும் கோலன்று. ஆயினும், உணர்ச்சி இருத்தல் குற்றமன்று, அஃது எதனைச் சார்ந்தெழுகின்றது என்பதே வினா என்பதற்கு இது துணைச்சான்றாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் உண்மையும் இதுவே.

அங்ஙனமாயின் கண்ணப்ப நாயனார் செயல் யாங்ஙனம்? காட்டாங்குளத்தூரில் எழுந்தருளியிருக்கும் காளத்தீசுவரரை வணங்குவார்க்கு அத்திருப்பெயரே அவ்வன்பரை நினைப்பூட்டும். இறைவன் கண்ணிற் குருதி கண்டு, தம் கண்ணை இடந்து அப்பினார். இதுவும் உணர்ச்சி வயப்பட்ட விரைவன்றோ எனின், அன்று. குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் கூறும் நிகழ்ச்சியை உற்று நோக்குக. இரண்டாவது கண்ணையும் இடந்தால் அதனை அப்பும் இடம் தமக்குத் தெரியாதெனக் கருதி, முன்னரே தம் காலை அவ்விடத்து ஊன்றிக்கொண்டார். அன்பு கரைகடந்த அப்பொழுதும் அடுத்து நிகழ்வதை அவர் தெளிவுறக் கண்டார். தமக்கென ஒரு பயனும் கருதாமையின், அங்கே புத்தியை மறைக்க அகங்காரம் இல்லை.

ஆகவே, மரத்துப்போதல் நெறியன்று. சார்பை மாற்றுதலே நெறியாம். சினமோ துயரோ மிக்க பொழுதில் கொடுத்தல், வாங்கல், முறித்தல் ஆகிய எதனையும் முடிவு செய்யாதிருத்தல் முதற்படி. அப்பொழுதில் திருவைந்தெழுத்தைச் சிந்தித்து, பெற்ற நன்மைகளை எண்ணி நன்றியால் நெஞ்சம் நெகிழ்தல் அடுத்த படி. அங்ஙனம் நெகிழ்ந்த நெஞ்சிற்கு நாளை என்பது தொலைவில் இல்லை.