வாதத்தின் விலை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு சங்கராபுரம் டீக்கடை வரை ஒரே வாதம். "டாஸ்மாக்கை மூடணும்" என்பார் ஒருவர். "மூடினா கல்வராயன் மலையில கள்ளச்சாராய ஊறல்தான் பெருகும்" என்பார் மற்றவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால், தன் வாதத்துக்கு யார் விலை கொடுப்பது என்று இருவருமே சொல்வதில்லை.

முன்பு அதைச் சொன்னவர்கள் உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். வணிகர்கள் எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திய கருணாநிதி அரசும் நிதி நெருக்கடியை வெளிப்படையாகவே காரணம் காட்டியது. ஏற்கலாம், மறுக்கலாம், கணக்கு மக்கள் முன் இருந்தது. கருணாபுரத்துப் பிள்ளைகளின் முகம் பார்த்து அப்படியொரு கணக்கைச் சொல்பவருக்கே நான் காது கொடுப்பேன்.