அரிவரிக்கு முன்னர்: எழுத்தறிவித்தல் பற்றிய ஓர் அறவினா

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிற் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவதற்குச் சிறந்த நாளாகக் கொள்ளப்படுவது விஜயதசமியாகும். குருவோ குடும்பத்து முதியவரோ பிள்ளையின் சுட்டுவிரலைப் பற்றி, தட்டிலே பரப்பிய பச்சையரிசியில் ‘அ’ என எழுதுவிப்பார். அன்று அப்பிள்ளை எழுத்தைக் கற்றுவிடுவதில்லை. கற்றுவிடவேண்டுமென எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. அயல்வீட்டுப் பிள்ளை இதனினும் நன்றாக எழுதிற்றா என்ற கேள்வி அச்சடங்கிலே எழுவதேயில்லை. பாடசாலை புகுமுன் எழுத்தறிவிப்பது பற்றிய இன்றைய பேச்சுகளிலோ அக்கேள்வியே முன்னிற்கின்றது.

எந்த வயதில் எழுத்தைத் தொடங்குவது என்பது உளவியலாளரும் கல்வியியலாளரும் ஆராயவேண்டிய வினா. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொன்று. தம் பிள்ளைக்கு முன்கூட்டியே எழுத்தறிவிக்கும் பெற்றோர், அவ்வாய்ப்பற்ற பிறிதொரு பிள்ளைக்கு அநீதி இழைக்கின்றனரா?

கேட்ட மாத்திரத்தில் இது வீண்வினாவாகத் தோன்றலாம். தாய் தன் மகவுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பதில் அநீதி எங்ஙனம் புகும்? ஆயினும், பெற்றோரின் பட்சபாதம் நீதிக்கு இடையூறு என்ற எண்ணம் மிகப் பழையது. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலிலே காவலர் வகுப்பினருக்குத் தனிக்குடும்பமே வேண்டாமென விதித்தார். அண்மைக் காலத்தில் ஹரி பிறிக்ஹவுஸ், அடம் சுவிஃப்ற் என்னும் மெய்யியலாளர் இருவரும் 2014இல் வெளியிட்ட நூலொன்றிலே, உறங்குமுன் பிள்ளைக்குக் கதை வாசித்துக்காட்டுவதுகூட அப்பிள்ளைக்கு ஏனையோரிலும் ஓர் அனுகூலத்தை அளிக்கின்றது என்பதை எடுத்துக்காட்டினர். எனினும், அதனை அவர்கள் தடுக்கவில்லை. கதை வாசித்தல் பெற்றோர்-பிள்ளை உறவின் உயிரோட்டமாக இருப்பதால் அது காக்கப்படவேண்டும். பணங்கொடுத்து வாங்கும் முந்துரிமைக்கு அத்தகைய பாதுகாப்பில்லை என்பதே அவர்தம் முடிபு.

இவ்வேறுபாடு கூர்மையானதே. ஆனால், அது நம் சூழலுக்கு முற்றும் போதுமானதன்று. கதை வாசிக்கும் அதே தாய், மறுநாட் காலையில் அதே அன்போடு நான்கு வயதுப் பிள்ளையின் கையிற் கொப்பியைக் கொடுத்து ஒரே எழுத்தைப் பக்கம் நிரம்ப எழுதுவிக்கின்றாள். அவளிடம் அன்பு எது, அச்சம் எது எனப் பிரிப்பது எளிதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீண்டு விழுகின்றது. அந்நிழலிலே நின்றுகொண்டு தாயை மாத்திரம் குற்றங்கூறுவது நேர்மையாகாது.

எழுத்து, பகிர்ந்தாற் குறையும் பொருளன்று. என் தங்கை ‘அ’ கற்றதனால் உங்கள் தம்பிக்குரிய ‘அ’ குறைந்துவிடாது. குறைவது வரிசையிலுள்ள இடமே. ஆகவே, முன்கூட்டிக் கற்ற எழுத்து எப்போது பிறர்க்குத் தீங்காகின்றது என வினவின், பாடசாலை அதனை எல்லோரும் கொண்டுவந்த முதலாகக் கருதித் தன் வேலையைத் தொடங்கும்போதே எனலாம். இங்கு ஒரு சொல் நினைவுக்கு வருகின்றது. நம் முன்னோர் பாடசாலையின் தொடக்க வகுப்பை ‘அரிவரி’ என்றனர். அரிவரியென்பது நெடுங்கணக்கே. எழுத்தறியாது வருவதே முறை, அறிவிப்பது எம் கடன் எனப் பாடசாலை தன் வாயிலில் எழுதிவைத்தது போன்ற பெயர் அது. ‘தரம் 1’ என்ற இன்றைய பெயருக்கு அத்தகைய வாக்குறுதி ஏதுமில்லை.

அவ்வாக்குறுதி தளர்ந்தால் யார் இழப்பர் என்பதை மலையகத்திலே தெளிவாகக் காணலாம். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது; தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேயே. தாய் கொழுந்தெடுக்கச் செல்லும் வேளையிற் குழந்தையை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் நெடுங்காலம் வெறுங் காவலிடமாகவே இருந்தது. பிற்காலத்திற் சிறுவர் அபிவிருத்தி நிலையமெனப் பெயரும் ஓரளவு பணியும் மாறின. அரச பாடசாலையில் முதலாந் தரம் தொட்டுக் கல்வி இலவசம். அதற்கு முந்திய முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாராலும் சமய, தொண்டு நிறுவனங்களாலும் நடத்தப்படுவன, கட்டணம் அறவிடுவன பல. எழுத்தறிவிக்கும் வேலை முதலாந் தரத்திலிருந்து முன்பள்ளிக்கு நழுவுமாயின், இலவசக் கல்வியின் முதற்படி ஓசையின்றி விலைப்பொருளாகிவிடும்.

அவ்வாறாயின் எவருமே முந்திக் கற்பிக்காதிருப்பதே நீதியோ? ரூசோ 1762இல் வெளியிட்ட ‘எமில்’ நூலிலே தம் கற்பனை மாணாக்கனைப் பன்னிரண்டு வயதளவும் நூல்களிலிருந்து விலக்கியே வைத்தார். (தம் பிள்ளைகள் ஐவரையும் அநாதை இல்லத்தில் ஒப்படைத்தவரது கல்விக் கோட்பாடு அது என்பதும் மறக்கற்பாலதன்று.) ஆனால், எமிலுக்கு வாழ்நாள் ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கின்றார். காத்திருத்தல், வீட்டிலே நூலும் ஓய்வும் உடையோர்க்கே இயலும் செல்வம். லயத்துப் பிள்ளைக்குத் தாமதத்தைச் சுதந்திரமென உபதேசிப்பது கொடிது.

கற்பிப்பது யாது என்பதையும் சிறிது நோக்கவேண்டும். தமிழ் எழுத்து 247 என்பர். உண்மையில் உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், ஆய்தமும், உயிர்க்குறிகள் சிலவும் அறிந்தாற் பெரும்பகுதி தானே விளங்கும். எனினும், ‘கானா’ எனப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை, அவ்வெழுத்து ‘கல்’லில் ஒருவாறும் ‘தங்கம்’ என்பதில் வேறொருவாறும் ஒலிப்பதைச் சொற்களைக் கேட்டே உணர்கின்றது. பெயரொப்புவித்தல் விருந்தினர்முன் காட்டுதற்கு உதவும். வாசிப்புக்கு வேண்டியது ஒலியைப் பிரித்தறியும் செவி. அச்செவியை முன்பள்ளிக் கொப்பி மாத்திரந்தான் தரும் என்பதில்லை. தாலாட்டிலும், நொடியிலும், எதுகை மோனை துள்ளும் விளையாட்டுப் பாட்டிலும் அது பழகுகின்றது. கையெழுத்திடத் தெரியாத தாயும் இவற்றைத் தன் பிள்ளைக்குக் கொடுத்தே அனுப்புகின்றாள். தையிலோ மாசியிலோ அப்பிள்ளை முதலாந் தரத்து வாங்கில் வந்தமரும்போது, அது எழுதத் தெரியாதது என்பதை ஆசிரியர் முதல்நாளிலேயே அறிந்துவிடுவார். அதற்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று அவர் கேட்பதுண்டா?