வீட்டையும் கூட்டிக்கொண்டு

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில், கியூபெக் நகரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது லெவி. ஆர்.வி. என்னும் வீட்டுவண்டியில் கனடாவைச் சுற்றுகிறவர்களில் பலர் இந்தக் கரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, படகேறி அக்கரைக்குப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். பழைய கியூபெக்கைச் சுற்றிச் சுமார் 4.6 கி.மீ. நீளத்துக்குக் கோட்டைச் சுவர். உள்ளே குதிரைவண்டிக் காலத்துத் தெருக்கள். 1985-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி அது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் ஏற்றிய 25, 30 அடி வண்டி அந்தச் சந்துகளில் திரும்பாது. அத்தனை தூரம் கூடவே வந்த வீடு கரையில் நின்றுவிட, ஆள் மட்டும் தோளில் ஒரு பையோடு படகேறுகிறார்.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி எட்டிப் பார்க்கிறது. வீட்டையும் கூட்டிக்கொண்டு யாத்திரை போக முடியுமா?

ஊர் பார்க்கக் கிளம்பியவரிடம் யாத்திரையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் ஆர்.வி. வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் விடுதலை, எளிமை, வேண்டாததைக் கழித்துக்கட்டுதல் என்று துறவின் மொழியைத்தான் பேசுகிறார்கள். இந்திய மரபிலோ துறவின் முதல் படியே வீட்டை விட்டுக் கிளம்புவது. பௌத்த பிக்குகளும் சமண முனிவர்களும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் தங்கலாம். ஈரமண்ணில் பெருகும் புழுபூச்சி காலில் மிதிபடக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். ஆர்.வி.க்கும் அப்படி ஓரிடத்தில் அடங்கியிருக்கும் ஒரு சாதுர்மாஸ்யம் உண்டு. அங்கே காப்பாற்றப்படுவது புழு அல்ல, குழாய். குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்பதால், உறைபனி தொடங்குமுன் தண்ணீரை வடித்து, ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வண்டியை மூடிவைத்துவிடுவார்கள்.

அதற்காக இதை வெறும் சொகுசென்று தள்ளவும் முடியாது. கல்வீட்டில் இருப்பவருக்கு மறந்துபோகிற ஒன்றை இந்த வண்டி மறக்க விடாது. குளித்த தண்ணீர் ஒரு தொட்டியில், கழிப்பறைத் தண்ணீர் இன்னொன்றில். இரண்டும் காலுக்குக் கீழேயே கூட வருகின்றன. சில நாளுக்கொரு முறை கையுறை மாட்டி, குழாயைப் பொருத்தி, தன் கழிவைத் தானே இறக்க வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல் தொட்டி. பின்னது முன்னதன் குழாயைக் கழுவிவிடும். கழிப்பறை சுத்தம் செய்வதைத் தன் ஆசிரமத்தில் எல்லோருக்கும் உரிய வேலையாக்கியவர் காந்தி. விளம்பரப் படங்களில் ஏரியும் மலையும்தான் வரும். துறவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருவதென்னவோ இந்தத் தொட்டிதான்.

மாண்ட்ரியலில் கேள்வி தலைகீழாகிறது. மவுண்ட் ராயல் சரிவில் நிற்கும் செயின்ட் ஜோசப் ஓரட்டரிக்கு அடிபோட்ட சகோதரர் ஆந்திரே எந்த நெடுவழியிலும் அலைந்து பெயர் வாங்கியவர் அல்ல. எதிரே இருந்த கல்லூரியில் சுமார் 40 ஆண்டுகள் வாயிற்காவலர். 1904-இல் எழுந்தது ஒரு சின்னஞ்சிறு ஜெபக்கூடம். 1937-இல் அவர் இறந்தபோது அஞ்சலி செலுத்த வந்தவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். 2010-இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. உலகம் நகர்ந்து அவரிடம் வந்தது; அவர் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவே.

கோயிலுக்கு ஏறும் 283 படிகளில் நடுவே 99 மரப்படிகள் முழங்காலிட்டு ஏறுகிறவர்களுக்காக ஒதுக்கப்பட்டவை. கேமராவோடு வந்தவர் பக்கத்துப் படிகளில் ஏறுகிறார். இலங்கைத் தமிழர்களும் இங்கே வருவதுண்டு, கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும். இலங்கையில் மடுமாதா கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே மலை, ஒரே உயரம். ஒருவர் பார்க்க வந்திருக்கிறார், மற்றவர் கேட்க வந்திருக்கிறார். வித்தியாசம் வீட்டில் இல்லை.

டெரி ஃபாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர், நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரலில் செயின்ட் ஜான்ஸிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள், 5,373 கி.மீ. தண்டர் பே அருகே நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்தும் வரை, கூடவே வந்த ஒரு கேம்பர் வேன்தான் அவருக்கு வீடு. அதை யாரும் ஊர்சுற்றல் என்று சொல்ல மாட்டார்கள்.

வீடு தடையில்லை என்றால், வீட்டைத் தூக்கிக்கொண்டே வாழ்ந்தவர்களையும் பார்க்க வேண்டும். மேற்குச் சமவெளியின் பிளாக்ஃபுட் மக்களுடைய வீடு, காட்டெருமைத் தோல் போர்த்திய டீப்பி. கிளம்பும்போது அதன் கம்புகளே வண்டியாகிவிடும்: இரண்டு கம்புகளை நாயின் முதுகில் கட்டி, மறுமுனை தரையில் இழுபட, மேலே மூட்டையை ஏற்றுவார்கள். நாய் இழுத்ததைப் பிற்காலத்தில் குதிரை இழுத்தது. காட்டெருமை போகும் திசையில் வீடும் போயிற்று. வீட்டைத் துறப்பது என்ற சொல்லுக்கே அங்கே பொருள் தேட வேண்டும். கூடாரம் எங்கே நின்றாலும் அது சொந்த மண்.

1877-இல் இந்த மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஏழாம் உடன்படிக்கை வந்தது. 1885-க்குப் பிறகு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே காலெடுத்துவைக்க அரசு ஏஜென்ட் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்றானது. அதற்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் நடந்தது. இன்று யார் வேண்டுமானாலும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்; அன்று வீட்டைத் தூக்கிக்கொண்டே வாழ்ந்தவர்கள் அதை நகர்த்தக் கூடாது என்றிருந்தது.

கால்கரியில் ஒவ்வொரு ஜூலையிலும் பத்து நாள் ஸ்டாம்பீடு விழா. 1912-இல் தொடங்கியது. எல்போ ஆற்றோரம் அந்த உடன்படிக்கையின் ஐந்து இனத்தாரும் டீப்பி அடித்துத் தங்குகிறார்கள். சில குடும்பத்தார் தங்கள் கூடாரத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைப்பார்கள். விழா நாளில் நகருக்குள் ஆர்.வி.யை நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே சக்கரம் வைத்த வீட்டை ஊர் விளிம்பில் பூட்டிவிட்டு, சி-டிரெயின் என்ற நகர ரயிலைப் பிடித்து வந்து, இன்னொருவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார் பயணி. முறை வந்ததும் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது, வாசல் சிறியது.