பொறப்பும் பாவமும்

இளம்பிள்ளையில் தறிச் சத்தம் ஓய்வதில்லை. எங்கள் தெருத் திண்ணையில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பான். டுஷேன் தசைச்சிதைவு நோய். பதினொரு வயசில் நடை நின்னுபோச்சு. "போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ" என்றாள் ஊர்த்தெருப் பாட்டி ஒருத்தி. அவன் அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏங்கண்ணு, நம்ம சாதியில பொறந்ததுக்கும் இதயேதான சொன்னாங்க?"

கர்மக் கருத்தியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் உடைத்ததில்லை. பாதிக்கப்பட்டவன்மேலேயே பழியைப் போட்டுவிட்டால் ஊருக்குக் கடமை மிச்சமில்லை. மருமகள்களுக்கு இன்னொரு பழி: "அவ வயித்துக் கோளாறு." இந்த நோய் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது உண்மை. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் இல்லாமலே புதிதாக உண்டாகிறது. இருந்தால்தான் என்ன, அவள் தேர்ந்தெடுத்தாளா?

சாதியின் சாரம் அகமணமுறை என்று 1916-ல் சொன்னார் அம்பேத்கர். பல நூற்றாண்டு அகமணத்தால் இந்தியச் சமூகங்கள் பலவற்றில் ஒடுங்குமரபு நோய்கள் கூடியிருக்கக்கூடும் என்று 2017-ல் தங்கராஜ் குழுவினரின் மரபணு ஆய்வு சொன்னது. (டுஷேன் அந்த வகை அல்ல.) சாதி எதிர்ப்புக்கு நல்ல ஆயுதம்தான். நானே மேடையில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வரும்போது உறுத்தியது. சாதியின் கேட்டுக்கு இந்தப் பிள்ளைகள் சாட்சிப் பொருளா? இவர்கள் பிறந்திருக்கவே கூடாது என்பதா என் வாதம்?

சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் தசைச்சிதைவோடு வாழ்ந்தபடியே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப்போன்றவர்களுக்காக உழைத்தார்கள். வானவன் மாதேவி 2017-ல் இறந்தார். 'தன்னம்பிக்கை நட்சத்திரம்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு வசதி. அவர்கள் கேட்டது பாராட்டையா?

ஸ்டீராய்டும் மூச்சுக்கருவியும் கிடைக்கிற இடங்களில் டுஷேன் பிள்ளைகள் முப்பதைத் தாண்டுகிறார்கள். 2016 சட்டம் தசைச்சிதைவை ஊனமாக ஏற்றது. மாசாமாசம் உதவித்தொகை வருகிறது. அவனைத் தூக்க ஆளில்லாமல் அம்மா தறிவேலையை விட்டாள். அந்தக் கூலிக்கு எது ஈடு? சேரிச் சந்தில் சக்கர நாற்காலி உருளாது. இதில் 'வாழ்க்கைத் தரம்' என்று அவன் உடம்பை மட்டும் அளந்தால் எப்படி?

உனக்கு என்ன வேணும் என்று அவனிடமே கேட்டேன்.

"ராத்திரி பொரண்டு படுக்க அம்மாவ நாலு தடவ எழுப்பறேன்ணா. ஒரு நாளைக்காவது அது முழுசாத் தூங்கணும்."