கைவிடுதலும் ஒப்புக்கொடுத்தலும்

‘கிவ் அப்’ என்றால் இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது தோல்விதான்: இனி ஆகாது என்று ஓய்ந்துபோவது, முயற்சியைக் கைவிடுவது. ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘கொடு’ இருக்கிறது. முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பதற்கும் இதே சொல்தான். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியம், சிலுவையில் இயேசு உயிர்விட்டதை மாற்கு, லூக்கா, யோவான் மூவரிடத்திலும் இந்த வினையாலேயே சொல்கிறது. கிரேக்க மூலம் அப்படி இல்லை. மாற்கும் லூக்காவும் மூச்சு அடங்கியதைச் சொல்லும் வினையை எழுதுகிறார்கள். யோவான் மட்டும் ‘பரதிதோமி’ என்ற வினையை எடுக்கிறார். ஒருவர் கையில் ஒன்றை ஒப்படைப்பது என்பது அதன் பொருள். யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்கும், பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்படைத்ததற்கும் யோவான் எழுதிய வினை அதுவே. கைமாறிக் கைமாறி ஒப்படைக்கப்பட்டவர், கடைசியில் தாமே ஒப்படைக்கிறவர் ஆகிறார். அவருடைய மரணம் அவருக்கு நேர்ந்தது மட்டுமல்ல, அவர் செய்ததும்கூட என்று யோவான் சொல்வதாகவே நான் வாசிக்கிறேன்.

இது ஒரு சொல்லின்மேல் ஏற்றப்படும் பெரும் பாரம் என்று மறுக்கலாம். ஆபிரகாம் இறந்ததற்கும், அப்போஸ்தலர் பணிகளில் ஏரோது புழுத்து இறந்ததற்கும் கிங் ஜேம்ஸ் அதே தொடரைத்தானே எழுதுகிறது? உண்மை. ஆங்கிலத் தொடரை மட்டும் நம்பி இறையியல் பேச முடியாது. ஏரோதின் மரணத்துக்கு மூலத்தில் இருப்பது வேறு வினை என்பதால்தான் யோவானின் தேர்வு கவனிக்கத்தக்கது. பழைய தமிழ் வேதாகமம் இந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறது: மாற்கிலும் லூக்காவிலும் ‘ஜீவனை விட்டார்’, யோவானில் ‘ஆவியை ஒப்புக்கொடுத்தார்’. இதைவிடக் கனமான மறுப்பு மாற்கிடமிருந்தே வருகிறது. ஏன் கைவிட்டீர் என்று கடவுளை நோக்கிக் கதறியவரின் சாவை மனமுவந்த கொடை என்று எப்படிச் சொல்வது? அந்தக் கதறலை யோவானைக் கொண்டு மூடிவிடக் கூடாது. ஆனால் நோகாமல் கொடுத்தால்தான் கொடை என்று யார் சொன்னது? கைவிடப்பட்டவராகத் தம்மை உணர்ந்தவர், அந்த நிலையிலும் தாம் கைவிடவில்லை. இரண்டு நற்செய்திகளையும் சேர்த்து வைத்தால் எனக்குக் கிடைப்பது இந்தச் சித்திரம்.

கைவிடுவதற்குப் பெறுகிறவர் தேவையில்லை, ஒப்புக்கொடுப்பதற்குத் தேவை. லூக்காவில் இயேசு தம் ஆவியைத் தந்தையின் கைகளில் வைக்கிறார். யோவானோ ஆவியை யாரிடம் ஒப்புக்கொடுத்தார் என்று எழுதவில்லை. சிலுவையடியில் தாயும் அன்புச் சீடரும் நிற்கிறார்கள். ஆவி இன்னும் அருளப்படவில்லை என்று ஏழாம் அதிகாரத்தில் சொன்னவரும் இதே யோவான்தான்.