நல்லெண்ணமும் நல்விளைவும்

நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் தீங்கில் முடிந்தால் அதற்கு யார் பொறுப்பு? அறவியலின் இப்பழைய வினா இன்று வகுப்பறைக்குள்ளும் எழுகின்றது. மாணவரின் உள்ளநலம் காக்க, வகுப்பு முழுமைக்கும் பொதுவாகப் பயிற்சி அளிக்கும் திட்டங்கள் பல நாடுகளில் பெருகியுள்ளன. அவற்றின் நோக்கத்தைப் பழிப்பார் இலர். ஆயினும், நோக்கம் தூயது என்பதாலேயே விளைவும் தூயதாகிவிடுமா?

பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. அங்குக் கற்பிக்கப்பட்ட மனவிழிப்புப் பயிற்சி, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் நலம் எதையும் தரவில்லை. முன்னரே உள்ளம் நலிந்திருந்தோர்க்கு அது ஏற்றதன்று என்பதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எட்டு வாரப் பயிற்சி பெற்ற மாணவரிடம் சோர்வும் பதற்றமும் சிறிது மிகுந்தன. பெற்றோருடனான உறவும் தளர்ந்தது.

இது ஏன்? ஒரே வகுப்பில் கவலையற்ற சிறுவனும் இருக்கின்றான். ஆறாத துயரைச் சுமப்பவனும் இருக்கின்றான். ஓயாமல் தன் மனத்தையே துருவிப் பார்க்கப் பழகும் முன்னவன், வந்து போகும் வருத்தத்தையும் நோயெனக் கருதக்கூடும். பின்னவனுக்கோ புண் கிளறப்படுகின்றது, மருந்திட எவருமில்லை. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணியே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. அனைவர்க்கும் ஒரே மருந்து என்பது அந்நெறிக்கு மாறானது.

பயன்பெற்றோர் பாராட்டினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டம், சிறுவர் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அறிவுரையும் உதவியும் வழங்கியது. அவர்களது பிற்கால வாழ்வை ஆராய்ந்து ஜோன் மெக்கார்ட் 1978இல் முடிவை வெளியிட்டார். அத்திட்டம் தமக்கு உதவியதாகவே பெரும்பாலோர் கூறினர். ஆனால், உதவி பெறாதவரோடு ஒப்பிடுகையில், மீண்டும் குற்றம் புரிதல், குடிப்பழக்கம் முதலியவற்றில் உதவி பெற்றோர் நிலையே தாழ்ந்திருந்தது. நன்றியுணர்வு நன்மைக்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின், வாளாவிருப்பதே அறமா? அன்று. துயருறும் பிள்ளைக்கு ஆதரவின்றிப் போவதும் தீங்கே. நோயுற்றவர் தாமே மருத்துவரை நாடுகின்றார். மாணவனோ வகுப்பைவிட்டு எழுந்து செல்ல இயலாதவன். மறுக்க முடியாதவனுக்கு ஒன்றைக் கொடுப்பவரின் பொறுப்பு இருமடங்காகின்றது. ஆகவே, சிறிய அளவில் சோதித்தபின் விரித்தல், நன்மையைப் போலவே தீமையையும் அளந்தறிதல், பேச விரும்பாத பிள்ளையின் மௌனத்தை மதித்தல், தேவைப்படுவோர்க்குத் தனியே துணைநிற்றல் ஆகியவை கடமைகளாகும்.

அன்பு செயலைத் தூண்டலாம். அச்செயல் சரியானதா எனத் தெளிவிப்பது ஆராய்ச்சியே. பிள்ளைகளிடம் அன்புடையோர் அந்த ஆராய்ச்சிக்கு அஞ்சுதல் ஆகாது.