முயற்சி யாருடையது?

1902-இல் லண்டன் ராயல் மருத்துவர்கள் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று உரைகள் நிகழ்த்தினார். அறிவில் குறையில்லாத, ஆனால் எதிலும் நிலைத்து நிற்க முடியாத, தோன்றியதை அந்தக் கணமே செய்துவிடுகிற குழந்தைகளைப் பற்றியும் அவற்றில் பேசினார். அந்நிலையை அவர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’ என்றார். இன்று ஏடிஹெச்டி எனப்படுவதன் வரலாற்றை எழுதுபவர்கள் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே ஓர் இழுபறி இருக்கிறது. ‘குறைபாடு’ டாக்டரின் சொல். ‘ஒழுக்கம்’ வாத்தியாரின் சொல்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2002-இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அடமாக்ஸெட்டினுக்கு அனுமதி கொடுத்தது. ஊக்கி வகையைச் சேராமல் ஏடிஹெச்டிக்காக அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. டாக்டருக்கும் வாத்தியாருக்குமான வழக்கை அது தீர்த்து வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கியது என்றே சொல்வேன்.

மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்துகளின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், அன்றைக்கே இறங்கியும் விடும். ‘இது மாத்திரை, இது நான்’ என்று நடுவில் கோடு போட்டுக்கொள்ளலாம். அடமாக்ஸெட்டினில் அந்த வசதி இல்லை. முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்ட மருந்து இது. நரம்பணுக்கள் வெளிவிடும் நார்அட்ரினலினை அவை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை அடைக்கிறது. திட்டமிடுவதும் பொறுத்திருப்பதும் நடக்கிற முன்நெற்றிப் பகுதியில் டோபமினும் பெரும்பாலும் அதே வாயிலில்தான் திரும்புகிறது. அதனால் அதுவும் அங்கே கூடுகிறது. ஆனால் பலன் முழுதாகத் தெரிய நான்கு வாரம், ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மாற்றம் வரும்போது மருந்து ஏறியது போல இருக்காது. சுபாவமே மாறியது போல இருக்கும்.

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் ஏடிஹெச்டி என்று தெரிந்தது. ஊக்கி ஒத்துக்கொள்ளாததால் டாக்டர் இதற்கு மாற்றினார். இரண்டாவது மாதக் கடைசியில் சொன்னான்: “ஒண்ணுமே நடந்த மாதிரி தெரியல மச்சி. ஆனா கரண்ட் பில்லை தேதிக்கு முன்னாடியே கட்டிருக்கேன். எப்ப மாறுனேன்னுதான் தெரியல.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் கேட்டான். “இது மாத்திரை செஞ்சதுன்னா எனக்கு என்ன பெருமை? நான் செஞ்சதுன்னா, இருபது வருஷமா என்னை சோம்பேறின்னு திட்டினவங்க சொன்னது சரின்னு ஆயிடாதா?”

எந்தப் பக்கம் போனாலும் தோற்கிற கேள்வி. ஆனால் முயற்சி என்பது ஒரே பானையில் இருக்கும் ஒரே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கேள்வி நிற்கும். வள்ளுவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறதிக்கு எதிராகப் பொச்சாவாமை 54-ஆம் அதிகாரம். சோம்பலுக்கு எதிராக மடியின்மை 61-ஆம் அதிகாரம். முயற்சிக்கு ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். மூன்றும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில்தான் மூன்றுக்கும் ஒரே திட்டு.

சோம்பேறிக்கு அந்த வேலை வேண்டாம். என் நண்பனுக்கு வேண்டும். வேண்டும் வேண்டும் என்றே ராத்திரி இரண்டு மணி வரை முழித்திருந்தவன் அவன். முடிவெடுப்பதற்கும் கை நகர்வதற்கும் நடுவில் அவனுக்கு இருந்த தூரம் மற்றவர்களுக்கு இல்லை. மாத்திரைக்குக் கரண்ட் பில் என்றால் என்னவென்று தெரியாது. அது தூரத்தைக் குறைத்தது, நடந்தது அவன். ஆகவே இன்றைய பெருமை அவனுடையது, அன்றைய பழி முழுக்க அவனுடையது இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

“எல்லாருக்கும்தான் கவனம் சிதறுது, எல்லாத்துக்கும் கெமிக்கலைக் காரணம் காட்டினா எப்படி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது கேட்பவரையும் சேர்த்தே இழுக்கும். ஒருவருடைய சுபாவம் எப்படி அமைகிறது என்பதே அதிர்ஷ்டம்தான் என்று தாமஸ் நேகல் 1976-இல் வாதிட்டார். நான் ஒரு பிழையைத் தேடி நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்துவிடுவேன். அதற்காகக் ‘கடின உழைப்பாளி’ என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அதில் எத்தனை பங்கு உழைப்பு, எத்தனை பங்கு நான் கேட்காமலே கிடைத்த நார்அட்ரினலின்? அவனுடைய மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது, என்னுடையது தெரியவில்லை. எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம் என்றால், அவனிடம் மட்டும் கணக்குக் கேட்பது சரியாகாது.

மருந்துக்குள்ளும் அதிர்ஷ்டம் உண்டு. இதை உடைக்கும் கல்லீரல் நொதி சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். ஒரே அளவு மாத்திரைக்கு அவர்கள் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறும். சராசரியாகப் பார்த்தால் பலன் ஊக்கிகளை விடக் குறைவு. குமட்டல், வாய் வறட்சி, நாடித்துடிப்பு கூடுவது உண்டு. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தற்கொலை எண்ணங்கள் வரக்கூடும் என்று அமெரிக்காவில் மருந்தின் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். டாக்டர் கூடவே இருந்து கவனிக்க வேண்டிய மருந்து இது.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முதல் ஆறு வாரம். மறதிதான் ஒருவருடைய சிக்கல். அவரிடம் ஒரு மாத்திரையைக் கொடுத்து, தினமும் மறக்காமல் போடு, ஒன்றும் தெரியாது, வயிறு புரட்டும், ஆனாலும் போடு என்கிறோம். அவரும் போடுகிறார். போனில் அலாரம், பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அட்டை, அம்மாவிடமிருந்து ஒரு போன். அந்த நாட்களில் மருந்தின் உதவி கிட்டத்தட்ட இல்லை. பழைய மூளையை வைத்துக்கொண்டு, அதற்கு மிகக் கடினமான வேலையை அவர் செய்கிறார். சோம்பேறி என்ற சொல்லை வைத்து இந்த நாற்பது நாட்களை விளக்கவே முடியாது.

“கொஞ்சம் முயற்சி பண்ணு” என்பது நமக்குச் சுலபமாக வருகிற வாக்கியம். அதைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கலாம்: வேண்டாமா, மறந்துபோச்சா, இல்லை தொடங்க முடியலையா? மூன்றுக்கும் பதில் வேறு. எது என்று தெரிந்த பிறகும் திட்டுவதற்கு ஏதாவது மிச்சமிருந்தால் அப்போது திட்டிக்கொள்ளலாம்.